புதைபடிவ விசிறிச் சிப்பியை வருணிப்பது எப்படி?

முதல் தடவை ஒரு புதைபடிவச் சிப்பியைக் கையில் எடுக்கிறவர் நோட்டில் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் எழுதினேன். "பெரிய சிப்பி. விசிறி மாதிரி வரிகள். பழுப்பு நிறம். நன்றாக இருக்கிறது." இரண்டு மாதம் கழித்து அதே நோட்டைப் புரட்டியபோது, எந்தச் சிப்பியைப் பற்றி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. தட்டில் இருந்த பன்னிரண்டுக்கும் அந்த நான்கு வாக்கியங்கள் பொருந்தின.

விசிறிச் சிப்பி என்று நான் சொல்வது ஸ்காலப் குடும்பத்தை. இன்று கடலில் உயிரோடு இருக்கும் ஸ்காலப் இனங்களே 250-க்கு மேல். புதைபடிவமாகப் போனவை அதைவிட அதிகம். பெரும்பாலானவை விசிறி மாதிரிதான் இருக்கும், பெரும்பாலானவற்றுக்கு வரிகளும் இருக்கும். ஆகவே வருணனைக்கு ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். சிப்பியைப் பார்த்தே இராத ஒருவர், உங்கள் நோட்டை மட்டும் படித்துவிட்டு, பத்துச் சிப்பிகளுக்கு நடுவிலிருந்து அதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். முடிந்தால் அது வருணனை. முடியாவிட்டால் நாட்குறிப்பு.

பழகுவதற்கு ஓர் இனத்தைப் பிடித்துக்கொள்வோம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஆற்றங்கரை மண்மேடுகளில் கிடைக்கும் செசபெக்டன் ஜெஃபர்சோனியஸ். உள்ளங்கையை நிறைக்கும் அளவு, தடித்த ஓடு, எண்ண எளிதான வரிகள், நிறையவே கிடைக்கும். புதியவருக்கு இதைவிட நல்ல பாடச் சிப்பி எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு கதையும் உண்டு. 1687-இல் இங்கிலாந்தின் மார்ட்டின் லிஸ்டர் தன் சிப்பி நூலில் இதன் படத்தைச் சேர்த்தார். படங்களை வரைந்தவர்கள் அவருடைய மகள்கள் சுசானாவும் அன்னாவும். வட அமெரிக்கப் புதைபடிவம் ஒன்று அறிவியல் நூலில் படமாக வந்தது அதுதான் முதல் தடவை என்பார்கள். 1824-இல் அமெரிக்க இயற்கையியலாளர் தாமஸ் சே இதற்கு பெக்டன் ஜெஃபர்சோனியஸ் என்று பெயர் வைத்தார், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் நினைவாக. பொருத்தமான ஆள்தான். மலைமேல் சிப்பிகள் எப்படி வந்தன என்று 1780-களிலேயே யோசித்து, அன்று புழங்கிய விளக்கம் எதுவும் தனக்குத் திருப்தி தரவில்லை என்று எழுதியவர் அவர். 1993-இல் வர்ஜீனியா இதைத் தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்தது. வயது ஏறக்குறைய 40 முதல் 50 லட்சம் ஆண்டுகள்.

மேசையில் என்ன வேண்டும்

அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு வெர்னியர் காலிப்பர் (பிளாஸ்டிக்கில் செய்ததே நல்லது, உலோக முனை ஓட்டைக் கீறும்), பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கோணமானி, பழைய பல்துலக்கி, ஒரு டார்ச். அப்புறம் ஒரு கிண்ணம் அரிசி. சிரிக்க வேண்டாம். குவிந்த சிப்பி மேசையில் உருண்டுகொண்டே இருக்கும். அரிசியில் பதித்து வைத்தால் நீங்கள் திருப்பிய கோணத்தில் அப்படியே நிற்கும்.

கழுவும்போது அவசரம் கூடாது. ஓட்டின் மேல்பரப்பில் இருக்கும் நுண்ணிய செதில்கள்தான் பின்னால் நமக்கு வேலை செய்யப் போகிறவை. தண்ணீரும் மென்மையான பல்துலக்கியும் போதும். வினிகர், எலுமிச்சை, கழிவறை சுத்தம் செய்யும் அமிலம் எதுவும் வேண்டவே வேண்டாம். ஸ்காலப் ஓடு பெரும்பாலும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். அது கால்சைட்டாக இருப்பதால்தான் இத்தனை லட்சம் வருடம் தாங்கியது. கூடவே புதைந்த பல சிப்பிகளின் ஓடு அரகோனைட் என்ற இன்னொரு சுண்ணாம்புக் கனிமம், அது சீக்கிரம் கரைந்துவிடும். ஒரே மண்ணில் மற்றச் சிப்பிகள் வெறும் அச்சாக மட்டும் நிற்க, ஸ்காலப் முழுசாகக் கிடைப்பது இதனால்தான்.

கழுவுவதற்கு முன்னாலேயே எண் போட்டு, எங்கே, எந்த அடுக்கில், என்றைக்கு எடுத்தது என்று எழுதிவிடுங்கள். மேட்டின் சரிவிலிருந்து எடுத்ததா, கீழே விழுந்து கிடந்ததா என்பதையும் எழுத வேண்டும். விழுந்து கிடந்தது மேலே எந்த அடுக்கிலிருந்தும் வந்திருக்கலாம். "அடிவாரத்தில் கிடந்தது" என்ற ஒரு சொல்தொடர் பின்னால் பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும்.

சேகரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வர்ஜீனியாவின் யார்க்டவுன் பக்கம் தேசியப் பூங்கா நிலத்தில் எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். மாநிலப் பூங்காக்களில் இடத்துக்கு இடம் விதி மாறும், கேட்டுவிட்டுக் குனியுங்கள். மண்மேட்டுக்கு அடியில் தோண்டாதீர்கள். அந்த மண் சொல்லிவிட்டு விழாது.

இது எந்த ஓடு?

ஸ்காலப்புக்கு இரண்டு ஓடுகள், வலது ஒன்று, இடது ஒன்று. உயிரோடு இருந்தபோது வலது ஓடு கீழே, கடல்தரையைப் பார்த்து இருந்திருக்கும். உங்கள் கையில் இருப்பது எது என்று தெரியாமல் எழுதும் வருணனையில் பாதி வாக்கியங்களுக்கு அர்த்தம் கிடையாது. "முன்காது பெரிது" என்று எழுத வேண்டுமானால் எது முன் என்று தெரிய வேண்டுமே.

சிப்பியை இப்படிப் பிடியுங்கள். நேரான விளிம்பு மேலே, விசிறியின் விரிந்த பகுதி கீழே, வெளிப்பரப்பு உங்களைப் பார்த்து. மேலே நேராக ஓடுவது கீல்கோடு. அதன் நடுவில் கூராக முடிவது உச்சி. உச்சிக்கு இரண்டு பக்கமும் முக்கோணமாக நீண்டிருப்பவை காதுகள். இப்போது காதுகளுக்கு அடியில் பாருங்கள். ஒரு காதுக்கும் விசிறிக்கும் நடுவில் குடைந்து எடுத்தது போல ஒரு வெட்டு இருந்தால், அது உங்கள் வலது கைப் பக்கம்தான் இருக்கும். அது வலது ஓடு. வெட்டு இருக்கும் பக்கம் சிப்பியின் முன்பக்கம். இரண்டு காதுகளுக்கும் அடியில் அப்படி ஆழமான வெட்டு இல்லையென்றால் இடது ஓடு. அதில் முன்பக்கம் உங்கள் இடது கைப் பக்கம்.

காதுகள் உடைந்து போயிருந்தால்? அடிக்கடி உடைந்துதான் இருக்கும். அப்போது திருப்பி உள்பக்கம் பாருங்கள், கீல் மேலேயே இருக்கட்டும். நடுவில் பெரிய வட்டமான தழும்பு ஒன்று தெரியும். ஓடுகளை மூடும் தசை ஒட்டியிருந்த இடம் அது. ஸ்காலப்புக்கு அந்தத் தசை ஒன்றே ஒன்று, நடுவிலிருந்து சற்றுப் பின்பக்கம் தள்ளி. உள்ளே பார்க்கும்போது தழும்பு வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் வலது ஓடு, இடப்பக்கம் என்றால் இடது ஓடு. நினைவில் வைக்க இதைவிடச் சுலபமான விதி கிடையாது.

எது குழிந்தது, எது தட்டை என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நான் அதைச் செய்து ஒரு தட்டு முழுவதற்கும் தப்பாகச் சீட்டு ஒட்டினேன். ஐரோப்பாவின் பெக்டன் மாக்சிமஸில் வலது ஓடு கிண்ணம் போலக் குழிந்து, இடது ஓடு தட்டையாக இருக்கும். அட்லாண்டிக்கின் அமெரிக்கக் கரையில் மீனவர்கள் பிடிக்கும் பிளாகோபெக்டன் மாஜெல்லானிகஸில் நேர் எதிர், வலதுதான் தட்டை. நான் பழகியது முதல் வகையோடு. அந்தப் பழக்கத்தை வர்ஜீனியாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் பிழை. நாற்பது சீட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிய்த்த அன்று மாலை, காதுக்கு அடியில் பார்க்கும் பழக்கம் தானாக வந்தது.

அளவுகள்

உயரம் என்றால் உச்சியிலிருந்து எதிர் விளிம்பு வரை, கீல்கோட்டுக்குச் செங்குத்தாக. நீளம் என்றால் கீல்கோட்டுக்கு இணையாக, அகலமான இடத்தில். பேச்சுவழக்கில் நாம் எது பெரிதோ அதை நீளம் என்போம். இங்கே அப்படிக் கிடையாது. உயரம் நீளத்தைவிடப் பெரிதாக இருந்தாலும் உயரம் உயரம்தான்.

குவிவு என்பது ஒரே ஓட்டின் ஆழம். ஓட்டைக் கவிழ்த்துச் சமதளத்தில் வைத்து, மேசையிலிருந்து மேல்மேடு வரை அளக்க வேண்டும். இரண்டு ஓடுகளும் சேர்ந்தே கிடைத்திருந்தால் மொத்தத் தடிமனையும் தனியாகக் குறியுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். கீல்கோட்டின் நீளம், முன்காது எவ்வளவு, பின்காது எவ்வளவு என்பதும் வேண்டும். உச்சிக் கோணத்துக்குச் சிப்பியைக் காகிதத்தில் கவிழ்த்து, உச்சியிலிருந்து இறங்கும் இரண்டு நேர்விளிம்புகளையும் பென்சிலால் வரைந்து, பிறகு கோணமானியால் அளந்தால் கை நடுங்காது.

விளிம்பு உடைந்திருந்தால் இருக்கிறதை அளந்து பக்கத்தில் கூட்டல் குறி போடுங்கள். 104+ என்றால் "குறைந்தது 104 மி.மீ., உண்மையில் கூடுதல்" என்று பொருள். உடைந்த பகுதியை மனதால் நிரப்பி 110 என்று எழுதுவது ஏமாற்று வேலை.

காதுகளில்தான் விஷயம்

புதியவர்கள் எல்லோரும் வரிகளைப் பார்த்து மயங்குகிறார்கள். சிப்பியைப் பற்றி உண்மையில் அதிகம் சொல்வது காதும் அதன் அடியில் இருக்கும் அந்த வெட்டும்தான் என்பது என் கட்சி.

ஏன் வெட்டு? ஸ்காலப் குஞ்சாக இருக்கும்போது பட்டு போன்ற நூல்களைச் சுரந்து, கல்லிலோ பாசியிலோ தன்னைக் கட்டிக்கொள்ளும். பைசஸ் நூல் என்பார்கள். அந்த நூல்கள் வலது ஓட்டின் முன்காதுக்கு அடியிலுள்ள இந்த வெட்டு வழியாகத்தான் வெளியே வரும். வெட்டு ஆழமாக இருந்தால் அந்த விலங்கு நூலை நன்றாக நம்பி வாழ்ந்தது என்று பொருள். ஆழம் குறைந்தால் கட்டை அவிழ்த்துக்கொண்டு தரையில் தன்போக்கில் வாழ்ந்தது என்று ஊகிக்கலாம். ஒரு மில்லிமீட்டர் இடுக்கில் வாழ்க்கை முறையே எழுதியிருக்கிறது.

வெட்டின் கீழ்விளிம்பில் கைலென்ஸை வையுங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சீப்பின் பல் போல வரிசையாக நுண்ணிய முனைகள் தெரியலாம். இதற்கு டெனோலியம் என்று பெயர், சீப்புப் பற்கள் என்று வைத்துக்கொள்வோம். நூல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பிடித்து, அலை அடிக்கும்போது சிப்பி முறுக்கிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு. ஸ்காலப் குடும்பத்தின் அடையாளமே இதுதான் என்று 1984-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தாமஸ் வாலர் விரிவாக எழுதினார். மண் அடைத்திருந்தால் ஊசியால் குத்தாதீர்கள், பற்கள் போய்விடும். ஈரமான தூரிகை போதும். எத்தனை பற்கள் தெரிகின்றன, தெளிவாகவா தேய்ந்தா என்று எழுதுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் "சீப்புப் பற்கள் தெரியவில்லை, வெட்டு விளிம்பு தேய்ந்துள்ளது" என்று காரணத்தோடு எழுதுங்கள். "பற்கள் இல்லை" என்பது வேறு, "தெரியவில்லை" என்பது வேறு.

செசபெக்டன் பேரினத்தை 1975-இல் லாக் வார்டும் பிளேக் பிளாக்வெல்டரும் தனியாகப் பிரித்தார்கள். இதன் இனங்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோலக் கிடைக்கின்றன. கீழே கால்வெர்ட் அடுக்கில் காக்கிமெலஸ், அதற்கு மேல் சாப்டாங்கில் நெஃப்ரென்ஸ், இன்னும் மேலே ஈஸ்டோவரில் மிடில்செக்ஸென்சிஸ், யார்க்டவுன் அடுக்கின் அடிப்பகுதியில் நம் ஜெஃபர்சோனியஸ், அதன் மேற்பகுதியில் மாடிசோனியஸ். கீழிருந்து மேலே ஏற ஏற காதடி வெட்டின் ஆழம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே "வெட்டு உண்டு" என்று மட்டும் எழுதினால் அந்தக் கதை முழுவதும் தொலைந்துபோகும். காதின் நுனியிலிருந்து வெட்டின் ஆழமான புள்ளி வரை மில்லிமீட்டரில் அளந்து எழுத வேண்டும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரே இனத்தில்கூடக் குட்டிச் சிப்பிக்கு, அதன் அளவோடு ஒப்பிட்டால், வெட்டு ஆழமாகவும் பெரிய சிப்பிக்கு ஆழம் குறைந்தும் இருக்கும். நீங்கள் ஒரு சின்ன ஜெஃபர்சோனியஸை எடுத்துக்கொண்டு "ஆழமான வெட்டு, எனவே பழைய இனம்" என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். வெட்டின் ஆழத்தை எப்போதும் ஓட்டின் உயரத்தோடு சேர்த்தே எழுதுங்கள். முடிந்தால் சிறிதும் பெரிதுமாக ஐந்தாறு ஓடுகளில் அளந்து பாருங்கள், வளர வளர எப்படி மாறுகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

காதின் வடிவத்துக்கு: அதன் வெளி விளிம்பு கீல்கோட்டோடு செங்கோணத்தில் இறங்குகிறதா, சாய்ந்து இறங்குகிறதா, உள்ளே வளைகிறதா? காதுமேல் எத்தனை நுண்வரிகள்? முன்காதுக்கும் பின்காதுக்கும் வித்தியாசம் உண்டா? இவ்வளவு போதும்.

வரிகளை எண்ணுவது

எண்ணுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஒரே சிப்பியை நண்பர்கள் மூன்று பேரிடம் கொடுத்தேன், 10, 11, 12 என்று மூன்று விடை வந்தது. மூவரும் சரிதான். ஓரத்தில் பாதி மேடாக நிற்கும் வரியை ஒருவர் எண்ணினார், ஒருவர் விட்டார், ஒருவர் எதிர் ஓரத்தையும் சேர்த்தார்.

எனவே ஒரு முறையை வைத்துக்கொண்டு, அதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். உச்சிக்கும் கீழ்விளிம்புக்கும் நடுவில், பாதி உயரத்தில் விரலை வைத்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் எண்ணுங்கள். உச்சியருகில் வரிகள் நெருங்கிக் கலந்துவிடும், விளிம்பருகில் தேய்ந்திருக்கும். இரண்டு பக்கமும் தெளிவான பள்ளம் உள்ள மேடு ஒரு வரி. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் உள்ளதைத் தனியாக எழுதுங்கள்: "10, கூடவே பின் ஓரத்தில் மங்கலான 1". இப்படி எழுதினால் படிக்கிறவர் தன் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். வெறும் 11 என்றால் மாற்ற வழியில்லை.

ஜெஃபர்சோனியஸில் பொதுவாக 9 முதல் 12 வரிகள். மாடிசோனியஸில் இதைவிடக் கூடுதல். செப்டெனாரியஸ் என்று இன்னொன்று உண்டு, லத்தீன் பெயரிலேயே ஏழு இருக்கிறது, வரிகளும் குறைவு. மூன்றுக்கும் 1824-இல் பெயர் வைத்தவர் அதே தாமஸ் சே.

எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். வரியின் குறுக்குவெட்டு எப்படி? இதைப் பார்க்கச் சிப்பியின் கீழ்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள், அலைபோல ஒரு கோடு தெரியும். மேடு உருண்டதா, கூரை போலக் கூரானதா, மேலே தட்டையாகிச் சதுரமானதா? பள்ளம் மேட்டைவிட அகலமா, குறுகலா, சமமா? அந்த அலைக்கோட்டைப் பென்சிலால் அப்படியே நோட்டில் வரைந்துவிட்டால் பத்து வாக்கியம் மிச்சம்.

எல்லா ஸ்காலப்புக்கும் வரிகள் ஒரே அளவில் இருக்காது. நம் அரியலூர்ப் பக்கத்துக் கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) பாறைகளிலும் ஸ்காலப் உறவுகள் கிடைக்கின்றன. அங்கே கிடைக்கும் இரட்டை ஓட்டுச் சிப்பிகளை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1870-71-இலேயே ஒரு தனித் தொகுதியாக வருணித்துவிட்டார். அந்தக் காலத்து நெய்தியா என்ற பேரினத்தில் சில பெரிய வரிகளும், இரண்டு பெரியவற்றுக்கு நடுவே சில சிறியவையுமாக ஒரு தாளம் போல வரும். அப்படிப்பட்டதில் மொத்தமாக எண்ணி ஒரு எண் கொடுத்தால் உதவாது, பெரியது எத்தனை, இடையில் சிறியது எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும்.

இனி கைலென்ஸ். ஜெஃபர்சோனியஸின் பெரிய வரிகள் மேலும், அவற்றின் பள்ளங்களிலும் நூல் போன்ற நுண்வரிகள் நெடுக ஓடும். நல்ல ஓட்டில் அந்த நுண்வரிமேல் சின்னச் சின்னச் செதில்கள், அரம் போலச் சொரசொரப்பாக. நகத்தால் மேலிருந்து கீழே தடவினால் ஒரு மாதிரியும் கீழிருந்து மேலே தடவினால் ஒரு மாதிரியும் இருக்கும். ஆற்று மணலில் உருண்ட ஓட்டில் மேடுகளின் முதுகு மழுங்கி வழவழப்பாகிவிடும், ஆனால் பள்ளத்தில் செதில்கள் தப்பியிருக்கும். எனவே முதுகைப் பார்த்து "வழவழப்பான வரி" என்று எழுதிவிடாமல் பள்ளத்தில் தேடுங்கள். ஒரு பள்ளத்தில் எத்தனை நுண்வரிகள் என்று நடுப்பகுதியில் எண்ணி எழுதுங்கள்.

வரிகளுக்குக் குறுக்கே, விளிம்புக்கு இணையாக வளைந்து ஓடுபவை வளர்ச்சிக் கோடுகள். சில இடங்களில் அவை நெருங்கி ஒரு படி போலத் தெரியும். வளர்ச்சி தடைப்பட்ட நேரம் அது. விளிம்பருகில் கோடுகள் அடர்ந்திருந்தால் வயதான சிப்பி என்று ஊகிக்கலாம். வயது இத்தனை வருடம் என்று எண்ணிச் சொல்ல ஆசைப்படாதீர்கள், எல்லாப் படியும் ஒரு வருடம் இல்லை.

உள்பக்கம்

உள்ளே மண் கெட்டியாகப் பிடித்திருந்தால் விட்டுவிடலாம், ஓட்டை உடைத்துப் பார்க்கும் அளவுக்கு அவசரம் இல்லை. சுத்தமாக இருந்தால் உச்சிக்கு நேர்கீழே, கீல்கோட்டின் நடுவில் ஒரு முக்கோணக் குழி தெரியும். ரப்பர் போன்ற ஒரு பட்டை அதில் இருந்தது. தசை இறுக்கினால் ஓடு மூடும், தசை விட்டதும் அந்த ரப்பர் ஓட்டைத் திறந்துவிடும். ஸ்காலப் ஓடுகளைப் படபடவென அடித்து நீந்துவது இந்த இரண்டின் கூட்டில்தான். குழியின் அகலம், உயரம் எழுதுங்கள். தசைத் தழும்பின் விட்டமும் இடமும் எழுதுங்கள். வெளிவரிகள் உள்ளே பள்ளமாகத் தெரிவது விளிம்பருகில் மட்டுமா, மேல்வரைக்குமா என்பதையும்.

எழுதக் கூடாதவை

நிறம். சாம்பல், வெள்ளை, துரு நிறம் எல்லாம் மண்ணில் இருந்த இரும்பும் நீரும் செய்த வேலை. அதைப் பாதுகாப்பு நிலை என்ற தலைப்பில் எழுதலாம், இனத்தின் பண்பாக எழுதக் கூடாது.

ஓட்டில் ஒட்டிய, துளைத்த உயிர்களும் அப்படித்தான். ஜெஃபர்சோனியஸ் ஓடுகள்மேல் பார்னக்கிள்கள் (பாறையிலும் ஓட்டிலும் ஒட்டி வாழும் சிறு கடலுயிர்கள்) கூட்டமாக ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். குண்டூசி குத்தியது போலக் கூட்டமாக இருக்கும் துளைகள் கடற்பஞ்சு குடைந்தவை. சுத்தமாக வட்டமாக ஒற்றைத் துளை இருந்தால் ஊன் தின்னும் நத்தை போட்டது. இவையெல்லாம் சுவாரசியமானவை, எழுதுங்கள், ஆனால் "குறிப்பு" என்ற தனிப் பத்தியில். ஒரு தடவை பார்னக்கிள் பெயர்ந்து போன வட்டத் தழும்பை ஒருவர் ஓட்டின் அலங்காரம் என்று வரைந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒட்டியிருந்தால் ஓடு காலியான பிறகுதான் பார்னக்கிள் குடியேறியது என்பது உறுதி, அது ஒரு நல்ல தகவல்.

எழுதுவது இப்படி

வருணனை மொழி கொஞ்சம் தந்தி போல இருக்கும். வினைச்சொல் குறைவு, அலங்காரம் கிடையாது. மேலே பார்த்த வரிசையிலேயே எழுதிப் பழகினால் எதுவும் விட்டுப்போகாது. மாதிரிக்கு ஒன்று, எண்கள் பாடத்துக்காக நானாக வைத்தவை:

"வலது ஓடு, முன்காது முழுமை, பின்காதின் நுனி உடைந்தது. உயரம் 108 மி.மீ., நீளம் 114 மி.மீ., குவிவு 24 மி.மீ. வெளிக்கோடு ஏறக்குறைய வட்டம், நீளம் உயரத்தைவிடச் சற்று அதிகம். கீல்கோடு நேர், 55+ மி.மீ. முன்காதின் வெளி விளிம்பு மென்மையாக வளைந்தது, மேலே 6 நுண்வரிகள். காதடி வெட்டு 5 மி.மீ. ஆழம், சீப்புப் பற்கள் 4 தெரிகின்றன. வரிகள் 10, கூடவே பின் ஓரத்தில் மங்கலான 1, மேடு உயர்ந்து உருண்டது, பள்ளம் மேட்டைவிடச் சற்றுக் குறுகல். மேட்டிலும் பள்ளத்திலும் செதிலுடைய நுண்வரிகள், நடுப்பகுதியில் பள்ளம் ஒன்றுக்கு 5. வளர்ச்சிக் கோடுகள் விளிம்பிலிருந்து 15 மி.மீ. வரை அடர்ந்தவை. தசைத் தழும்பு வட்டம், நடுவிலிருந்து பின்பக்கம் ஒதுங்கியது."

கவனியுங்கள், பெயர் இன்னும் வரவில்லை. பெயரை முதலில் எழுதினால் கண் அதற்கு ஏற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும். ஜெஃபர்சோனியஸ் என்று தலைப்புப் போட்டவர் வரி பதினான்கு இருந்தாலும் பன்னிரண்டாக எண்ணுவார்.

பெயர் எழுதும்போது அதை வைத்த ஆளின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்: செசபெக்டன் ஜெஃபர்சோனியஸ் (சே, 1824). அடைப்புக்குறி அழகுக்கு இல்லை. சே வைத்தபோது பேரினம் பெக்டன், பிறகு மாறியது, அதைத்தான் அந்த வளைகோடு சொல்கிறது. பேரினம் மாறாமலே இருந்தால் அடைப்புக்குறி வராது. உறுதியாகத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துங்கள். "செசபெக்டன், இனம் தெரியவில்லை" என்று எழுதியதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

படம்

கைபேசி கேமரா போதும். கறுப்புத் துணி, பக்கத்தில் அளவுகோல், கீல் மேலே. வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து சாய்ந்து விழ வேண்டும். புதைபடிவப் படங்களில் வழிவழியாக வந்த வழக்கம் அது. மாற்றி வைத்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். நேர்மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வரிகள் எல்லாம் தட்டையாகிவிடும். வெளிப்பரப்பு ஒன்று, உள்பரப்பு ஒன்று, பக்கவாட்டு ஒன்று, காதடி வெட்டுக்கு மட்டும் மிக அருகில் ஒன்று.

கடைசியில் அந்தச் சோதனை. உங்கள் சிப்பியை அதே அளவுள்ள பத்தோடு கலந்து தட்டில் பரப்புங்கள். வீட்டில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, நோட்டைக் கையில் கொடுத்து, எது என்று எடுக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அம்மாதான் நிரந்தரப் பரிசோதகர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகப் படிப்பார், சிப்பிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வருவார். எந்த இடத்தில் நின்று "இது என்னடா எழுதியிருக்கே?" என்று கேட்கிறாரோ, அந்த வாக்கியத்தை மட்டும் சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தி எழுதுவேன். பெரும்பாலும் அது காதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.